நூற்றேழு கோடி முன்னோர்

அந்தப் பானையில் டம்ளரை விட்டு முகந்ததற்காக நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கச் சொன்னவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனி எனக்கே மனம் மாறினாலும் கேட்டுக்கொள்ள ஆளில்லை. மனம் மாறவும் இல்லை.

அப்போது எனக்குப் பதினோரு வயது. தங்க வயலில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பதினான்கு பேர். பெண் நான் ஒருத்திதான். அப்பா சுரங்கத்துக்குள் பாறையில் துளை போடும் கூட்டத்தில் இருந்தார். அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா மேலே, ஆலைக்குப் போகும் கல்லைப் பொறுக்கிப் பிரிக்கும் வேலைக்குப் போவாள். இருவரும் கல்யாணமான கையோடு வடார்க்காட்டிலிருந்து வந்தவர்கள். மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய லைன் வீட்டில் எங்களைப் பெற்றார்கள்.

அவர்களை ரயிலேற்றிக் கூட்டிவந்தவர் ஒரு மேஸ்திரி. ஆள் சேர்ப்பது, யாருக்கு எந்த ஷிப்ட் என்று சொல்வது, பிடிக்காதவன் பேரை அடிப்பது எல்லாம் அவர் கையில் இருந்தது. அவர் ஊரிலிருந்து வந்தவர், நாங்கள் சேரியிலிருந்து வந்தவர்கள். அத்தனை தூரம் ரயிலில் வந்தும் அந்த வித்தியாசம் மட்டும் யார் மூட்டையிலோ பத்திரமாக இருந்து, எங்களோடு கூடவே இறங்கியிருந்தது. மேஸ்திரியின் மகன் என் வகுப்பில்தான் படித்தான். முதல் பெஞ்சு அவனுடையது. எனக்குப் பெஞ்சு கிடையாது. சுவரோரம் ஒரு கோணிச் சாக்கு.

பள்ளிக்கூடத்தில் இரண்டு பானைகள் இருந்தன. ஒன்று தாழ்வாரத்தில் மர முக்காலியின் மேல், மூடிமேல் பித்தளை டம்ளரோடு இருக்கும். அது அவர்களுக்கு. இன்னொன்று பின்பக்கம் வெயிலில், கொட்டாங்கச்சியோடு. அது எங்களுக்கு. தங்கம் கிடைத்த அளவுக்கு அந்த மண்ணில் தண்ணீர் கிடைத்ததில்லை. வண்டியில் வரும் தண்ணீர் முதலில் தாழ்வாரத்துப் பானைக்கு, மிச்சம் எங்களுடையதற்கு. மதியத்துக்குள் எங்கள் பானை காலியாகிவிடும். அதற்குப் பிறகு தாகம் எடுத்தால் முதல் பெஞ்சுக்காரன் எவனாவது மனமிரங்கி, உயரத் தூக்கி ஊற்றுவான். நாங்கள் கையைக் குவித்துக் குடிக்கவேண்டும். மனம் இரங்காத நாட்களும் உண்டு. வெள்ளைக்காரப் பாதிரியார் பள்ளியைப் பார்க்க வரும் நாளில் பின்பக்கத்துப் பானை சாமான் அறைக்குள் போய்விடும். அவர் ஒரே ஒரு பானையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, நமக்குள் பேதமில்லை என்று ஜெபித்துவிட்டுப் போவார். அன்று எங்களுக்குக் காலையிலிருந்தே தண்ணீர் இருக்காது.

எங்கள் வாத்தியார் வேலூர்ப் பக்கத்து இளைஞர். கணக்கில் கெட்டிக்காரர், மற்ற விஷயங்களில் யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். ஐந்தாம் வகுப்புக்குச் சொல்லித்தரவேண்டிய கணக்கு அவருக்கு அலுத்துவிட்டது போலிருக்கிறது. ஒரு நாள் தானாகவே பலகையில் 2 என்று எழுதி, அதன் வலது தோளில் சின்னதாக 10 என்று எழுதினார்.

“இதுக்குப் பேரு பவர்” என்றார்.

அந்த வருஷம்தான் காவேரியிலிருந்து கம்பி வழியாகச் சுரங்கத்துக்குப் பவர் வருகிறது என்று வயல் முழுக்கப் பேச்சு. அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து ஒரு பையன், “தொட்டா ஆள் செத்துடுவானாமே சார்?” என்று கேட்டான். வாத்தியார் சிரித்துவிட்டு, அது வேறு இது வேறு என்று விளக்கினார். கீழே இருப்பது எண்; மேலே குட்டியாக இருப்பது, அதை எத்தனை தடவை போட்டுப் பெருக்கவேண்டும் என்பது. இரண்டைப் பத்துத் தடவை.

“இருபது” என்றேன்.

“தப்பு.”

“ரெண்டப் பத்தால பெருக்கினா இருபதுதானே சார்?”

“பத்தால பெருக்கக் கூடாது. ரெண்டாலேயே திரும்பத் திரும்பப் பெருக்கணும்.”

“அப்ப பத்து இன்னாத்துக்கு சார் மேல கீது?”

அவர் ஸ்கேலை எடுத்தார். விடை ஆயிரத்து இருபத்து நான்கு என்றும், அதை இருபது தடவை சிலேட்டில் எழுதவேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. எழுதினேன். எழுதி முடித்து, கடைசி வரியில் இருபது என்றும் எழுதிக் காட்டினேன். இன்னொரு அடி விழுந்தது. ஒரு குட்டி எண் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, இரண்டை ஆயிரமாக்கிவிடும் என்பதை நான் நம்பத் தயாராக இல்லை. அடித்தால் நம்பிவிடுவேன் என்று அவர் எப்படி நினைத்தார் என்பதும் எனக்குப் புரியவில்லை.

இது போதாதென்று இரண்டுக்கு மேலே பூஜ்ஜியம் போட்டால் விடை ஒன்று என்றார். ஒரு தடவைகூடப் பெருக்காதபோது ஒன்று எங்கிருந்து வரும் என்று கேட்டேன். “அது விதி” என்றார். விதி என்ற சொல்லை எங்கள் லைனில் தலையெழுத்து என்ற பொருளில்தான் கேட்டிருக்கிறேன். அழுவதற்கும் சும்மா இருப்பதற்கும் சொல்லப்படும் சொல். அதைக் கணக்கிலும் கொண்டுவந்துவிட்டார்களே என்று கோபமாக வந்தது.

அடுத்த நாள் வேதபாட வகுப்பில் ஒரு வம்ச வரலாறு வந்தது. இன்னாருக்கு இன்னார் மகன், அவருக்கு இன்னார் மகன் என்று நீண்டுகொண்டே போயிற்று. வாசித்து முடித்த வாத்தியார், உங்களில் யாருக்கு முன்னோர் பெயர் தெரியும் என்று கேட்டார். மேஸ்திரி மகன் எழுந்து கைகட்டி நின்றான். அப்பா, தாத்தா, பூட்டன் என்று தொடங்கி ஏழு பேரை மூச்சு விடாமல் சொன்னான். ஏழாமவர் ஏரிக்கு மதகு கட்டினவராம். வாத்தியார் சபாஷ் என்றார். பிறகு, கேட்காமலே விட்டிருக்கலாம், என்னைப் பார்த்து, “நீ?” என்றார்.

நான் அப்பாவின் பெயரைச் சொன்னேன். தாத்தாவின் பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் நின்றுகொண்டே இருந்தேன்.

“ரெண்டு பேரோட முடிஞ்சுபோச்சா உங்க வம்சம்?” என்றான் மேஸ்திரி மகன். முதல் பெஞ்சு சிரித்தது. பின்னால் கோணிச் சாக்கில் இருந்த எங்கள் பையன்களும் சிரித்தார்கள். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். முதல் ஷிப்ட் முடிந்து வந்து, கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாத்தாவுக்கு அப்பா பெயர் என்ன என்று கேட்டேன்.

“தெரியாதும்மா. தாது வருசத்துப் பஞ்சத்துல எங்கப்பன் போய்ட்டான். எனக்கு அப்ப ஆறோ ஏழோ வயசு. கேட்டு வச்சிக்கல.”

“அவங்க அப்பா?”

“அவங்கப்பனயே தெரிலன்னா அவனுக்கு அப்பன எங்கேந்து தெரியும்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. நமக்கு யாருமே இல்லையா என்று கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவுக்கு ஆத்திரம் வந்தது.

“பேரு தெரிலன்னா ஆளே இல்லாமப் பூடுவாங்களா? எங்கம்மா இல்லாம நான் வந்தேனா? அவளுக்கு ஒரு அம்மா அப்பன் இல்லாம அவ வந்தாளா? மேஸ்திரி வூட்ல எழுதி வச்சிக்கீறாங்க, நம்ம வூட்ல எழுதி வைக்கல. அவ்ளோதான். போ, போய்ச் சுள்ளி பொறுக்கினு வா.”

சுள்ளி பொறுக்கப் போகவில்லை. அம்மா சொன்னதை மனசுக்குள் உருட்டிக்கொண்டே வாசலில் உட்கார்ந்தேன். பெயரில்லாவிட்டால் போகட்டும், ஆளை எண்ணலாம் அல்லவா? ஒரு கரித்துண்டை எடுத்து, மெழுகிய தரையில் எனக்காக ஒரு புள்ளி வைத்தேன். அதன் மேலே இரண்டு புள்ளிகள்: அம்மா, அப்பா. அவர்களுக்கு மேலே நான்கு. நான்கு பேருக்கும் ஆளுக்கு இரண்டு பேர் என்று எட்டு. பதினாறு. முப்பத்திரண்டு. வாசல் முடிந்து பக்கத்து வீட்டு வாசலுக்குள் போனேன். அறுபத்து நான்கு. நூற்று இருபத்தெட்டு வைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு அத்தை வெளியே வந்து, தன் வாசலைக் கரியாக்கிவிட்டதாக ஏசினாள். அவள் மெழுகிய தரை நிறைய என் முன்னோர்கள் நின்றார்கள். மேஸ்திரி மகனின் ஏழு பேரை நான் மூன்றாவது வரிசையிலேயே தாண்டிவிட்டிருந்தேன்.

மிச்சத்தைச் சிலேட்டில் போட்டேன். பத்தாவது வரிசையில் எண்ணிக்கை ஆயிரத்து இருபத்து நான்கு.

இருபது தடவை எழுதிய எண். கை தானாகவே அதை எழுதி முடித்தபோதுதான் கண் அதைப் பார்த்தது. அந்தக் குட்டிப் பத்து ஏன் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பது அப்போது புரிந்தது. அது எத்தனை படி மேலே போகிறோம் என்பது. ஒவ்வொரு படியிலும் ஆள் இரண்டு மடங்காகிறார்கள். பத்தாவது படியில் நிற்கும் ஆயிரத்து இருபத்து நான்கு பேரில் ஒவ்வொருவருக்கும், அங்கிருந்து இன்னும் பத்துப் படி ஏறினால், ஆயிரத்து இருபத்து நான்கு பேர். ஆகவே இருபதாவது படிக்கு ஒவ்வொரு வரிசையாகப் போகவேண்டியதே இல்லை. ஆயிரத்து இருபத்து நான்கை அதே எண்ணால் பெருக்கினால் போதும். பெருக்கினேன். பத்து லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். படிகளைக் கூட்டினால் ஆட்கள் பெருகுகிறார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஸ்கேல் சொல்லித்தர முயன்றது, அவ்வளவுதான்.

கூடவே இன்னொன்றும் புரிந்தது. அடியில் தனியாக இருந்த புள்ளியைப் பார்த்தேன். ஒரு படிகூட மேலே போகாவிட்டால் யார் இருப்பார்கள்?

மறுநாள் வகுப்பு தொடங்கியதும் எழுந்து நின்று, பூஜ்ஜியக் கணக்கு தெரிந்துவிட்டது என்றேன். வாத்தியார் சந்தேகத்தோடு பார்த்தார்.

“ரெண்டுக்கு மேல பூஜ்ஜியம் போட்டா எவ்வளவு?”

“ஒண்ணு சார்.”

“ஏன்?”

“அது நான் சார்.”

யாரும் சிரிக்கவில்லை, அவர்களுக்குச் சிரிக்கும் அளவுக்குக்கூடப் புரியவில்லை. பலகைக்குப் போய்ப் புள்ளிகளை வைத்துக் காட்டினேன். நான் ஒருத்தி, அம்மா அப்பா இரண்டு பேர், தாத்தா பாட்டிகள் நான்கு பேர். வாத்தியார் புள்ளிகளை விரலால் எண்ணிப் பார்த்தார். அவருக்கும் அதுவரை அது விதியாகத்தான் இருந்திருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

அதோடு விட்டிருந்தால் நல்ல பெண் என்று பெயர் எடுத்திருப்பேன். எனக்குப் பேராசை வந்துவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து முப்பதாவது படியைக் கணக்குப் போட்டேன். சிலேட்டில் இடம் போதாமல் அழித்து அழித்து எழுதினேன். நூற்றேழு கோடியே முப்பத்தேழு லட்சத்து நாற்பத்தோராயிரத்து எண்ணூற்று இருபத்து நான்கு பேர். எனக்கு மட்டும்.

“சார், நம்ம தேசத்துல மொத்தம் எத்தினி பேர் சார்?”

“முப்பது கோடிக்குக் கொஞ்சம் கம்மி.”

“அப்ப என் பாட்டன் பாட்டிங்க நூத்தேழு கோடிப் பேரும் எங்க சார் நின்னாங்க?”

கணக்கு தப்பாயிருக்கும் என்றார். சிலேட்டை வாங்கினார். மதிய இடைவேளை முழுவதும் சாப்பிடாமல் பெருக்கிப் பார்த்தார். கணக்கு சரியாக இருந்தது. அப்புறம் சிலேட்டைத் திருப்பிக் கொடுத்தார். என்னைப் பார்ப்பதைத் தவிர்த்தார். விடை அவருக்குத் தெரிந்துவிட்டது, சொல்ல வாய் வரவில்லை. அதைச் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

நான் முதல் பெஞ்சைப் பார்த்துத் திரும்பி நின்று சொன்னேன். அத்தனை பேர் இருந்திருக்க முடியாது. ஆகையால் ஒரே ஆளைத்தான் பல இடங்களில் எண்ணியிருக்கிறோம். மேஸ்திரி மகனுக்கும் அதே நூற்றேழு கோடி, வாத்தியாருக்கும் அதே நூற்றேழு கோடி. இருக்கிறவர்களோ கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேரைத்தான் எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம். “உனக்குப் பாட்டன்தான் எனக்கும் பாட்டன்” என்றேன்.

 மேஸ்திரி மகன் முகம் சிவந்துவிட்டது. அவன் முட்டாள் இல்லை என்பதை நான் மறந்திருந்தேன். பலகையைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

“எங்காளுங்க எங்களுக்குள்ளதான் கட்டுவோம். திரும்பத் திரும்ப வர்றதும் எங்காளுங்கதான். உங்காளுங்க உங்களுக்குள்ளயே திரும்பத் திரும்ப வருவாங்க. ரெண்டு வேற வேற.”

“அதுவும் சரிதான்” என்றார் வாத்தியார். அவர் பெருமூச்சு விட்டது சுவரோரம் வரை கேட்டது.

 அவன் சொன்னதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. இரண்டு நாள் கட்டிய கோட்டை ஒரே வாக்கியத்தில் சரிந்துவிட்டது. எல்லோரும் நான் உட்காருவேன் என்று எதிர்பார்த்தார்கள். நானும் உட்காரத்தான் போனேன். தொண்டை காய்ந்திருந்தது. பின்பக்கத்துப் பானை அன்று காலையிலேயே காலி.

கோணிச் சாக்குவரை போய், நிற்காமல், அப்படியே தாழ்வாரத்துக்கு நடந்தேன். மூடியை எடுத்துக் கீழே வைத்தேன். பித்தளை டம்ளரைக் கையோடு உள்ளே விட்டு முகந்து, உதட்டை வைத்தே குடித்தேன். இரண்டாவது டம்ளரும் குடித்தேன். தாகத்துக்கு ஒன்று போதும்தான். இரண்டாவது, அவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததற்காக. டம்ளரை மூடிமேல் கவிழ்த்துவிட்டுத் திரும்பினேன். அந்தத் தண்ணீர் எங்கள் தண்ணீரைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. நிழலில் இருந்த பானை.

அன்று சாயங்காலத்துக்குள் பானையை உடைத்துவிட்டார்கள். மறுநாள் முதல் பெஞ்சு காலி. அதற்கு மறுநாள் இரண்டாம் பெஞ்சும் காலி. மேஸ்திரி எங்கள் லைனுக்கே வந்தார். வீட்டுக்குப் பத்தடி தள்ளி நின்று, அப்பாவை வெளியே கூப்பிட்டார். புள்ளையை அடக்கி வை, திங்கட்கிழமை பாதிரியார் முன்னால் மன்னிப்புக் கேட்கச் சொல், இல்லாவிட்டால் ஷிப்டுக்கு வரவேண்டாம் என்றார். அப்பா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, தலையை ஆட்டினார். எனக்கு அவர்மேல் வெறுப்பு வந்தது. அதுவரை என் அப்பா பூமிக்கடியில் இருட்டுக்கும் வெடிக்கும் பயப்படாதவர் என்று நினைத்திருந்தேன். மேலே, வெளிச்சத்தில், ஒரு மனிதருக்கு முன் இப்படி நிற்கிறாரே என்றிருந்தது.

“கேக்கமாட்டேன் நைனா” என்றேன், மேஸ்திரி காதில் விழும்படி.

அப்பா அடிக்கவில்லை. வற்புறுத்தவும் இல்லை. திங்கட்கிழமை ஷிப்டை விட்டுவிட்டு, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, என்னோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். வழியில் ஒரே ஒரு தடவை பேசினார். “உன் கணக்கு சரியா?” என்று கேட்டார். சரி என்றேன். மேஸ்திரி மகன் சொன்ன பதிலை நான் சொல்லவில்லை.

பாதிரியார் மேசைக்குப் பின்னால் இருந்தார். மேஸ்திரிக்கு நாற்காலி போட்டிருந்தது. வாத்தியார் சுவரோரம் நின்றார். அப்பா வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டார். பாதிரியார் எங்களையெல்லாம்விடச் சுத்தமான தமிழ் பேசுவார். அதனால் அவர் பேசுவது பாதி புரியாது.

“மகளே, நீ பிறர் மனம் புண்படும்படி நடந்துகொண்டாய். தாழ்மையே சிறந்த குணம். தவறென்று ஒப்புக்கொள்.”

“கணக்கு தப்புன்னா சொல்லுங்க, மன்னிப்பு கேக்கறேன். எங்க தப்புன்னு காட்டுங்க.”

பாதிரியார் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் தரையைப் பார்த்தபடி, “கணக்கு சரிதான் ஐயா” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் அடித்த அடிகளை எல்லாம் நான் மறந்துவிட்டேன்.

“கணக்கு கெடக்குதுங்க” என்றார் மேஸ்திரி. “இவங்க தொட்ட தண்ணிய எங்க வூட்டுப் புள்ளைங்க எப்படிக் குடிக்கும்? அதுக்கு பதில் சொல்லச் சொல்லுங்க.”

 அப்போது வாசற்படியிலிருந்து அப்பா பேசினார். குரலை உயர்த்தாமல், ஷிப்டில் நடந்த எதையோ சொல்வதுபோல.

“ஆறாவது லெவல்ல உங்க தம்பி என் டப்பாவுலதான் தண்ணி குடிக்கிறாரு மேஸ்திரி. ஒம்போது வருசமா. அவருக்கு ஒண்ணும் ஆவல.”

சுரங்கத்தின் ஆறாவது தளத்தில் துளை போடும் அப்பாவின் கூட்டத்துக்கு மேஸ்திரியின் தம்பிதான் தலையாள். அவரை நான் இரண்டொரு தடவை தூரத்தில் பார்த்திருக்கிறேன். மேலே அவரும் அப்பாவும் எதிர்ப்பட்டால், அவர் ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமுமாகப் போவார்கள்.

“பொய்” என்றார் மேஸ்திரி.

“கூப்ட்டுக் கேளுங்க.”

மேஸ்திரி நாற்காலியை விட்டு எழுந்து, அப்பா ஒதுங்கும்வரைகூடக் காத்திராமல் வெளியே போய்விட்டார். எனக்கு அங்கேயே குதிக்கவேண்டும் போல இருந்தது. நூற்றேழு கோடிப் பேரைத் திரட்டிக்கொண்டு வந்தும் என்னால் ஜெயிக்க முடியவில்லை. அப்பா ஒரு தகர டப்பாவை வைத்து ஜெயித்துவிட்டார். என் கை தானாகவே அவர் கையைத் தேடிப்போனது. அது வேர்த்திருந்தது.

பாதிரியார் ஒரு வாரம் ஜெபித்து ஒரு முடிவுக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் இனிப் பானையே கிடையாது. இப்படியாக எங்களுக்குள் சமத்துவம் வந்தது. ஒருவருக்கும் தண்ணீர் இல்லை. முதல் பெஞ்சுக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். நான் கோணிச் சாக்கைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு, கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அந்த வாரம் எழுந்திரு என்று சொல்ல வாத்தியாருக்கு நேரம் கிடைக்கவில்லை. அடுத்த வாரமும் கிடைக்கவில்லை.

மேஸ்திரி, சொன்னபடியே அப்பாவின் பேரை அடித்துவிட்டார். அப்பா ஒன்றரை மாதம் அலைந்து, இரண்டு மைல் தள்ளி வேறொரு சுரங்கத்தில், முன்பின் தெரியாத ஒரு கூட்டத்தில் சேர்ந்தார். அதையும் நான் வெற்றி என்றுதான் எடுத்துக்கொண்டேன். இனி அந்த ஆளுக்கு முன்னால் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கவேண்டியதில்லை அல்லவா?

மற்றதையெல்லாம் அம்மா எனக்குச் சொன்னது, எனக்குக் கல்யாணமாகி மூன்று பிள்ளைகள் பிறந்த பிறகு. ஒரு தடவை சுரங்கத்துக்குள் சரிந்து விழுந்த பாறைக்குப் பின்னால் அப்பாவும் மேஸ்திரியின் தம்பியும் ஒரு முழு நாள் அடைபட்டுக் கிடந்திருக்கிறார்கள். இருந்தது அப்பாவின் டப்பாத் தண்ணீர் மட்டும். அன்றைக்குத் தொடங்கிய பழக்கம்தான் அது. வெளியே எடுத்த பிறகும் அந்த மனிதர் விடவில்லை. தன் சாப்பாட்டை அப்பாவோடுதான் பங்கிட்டுக்கொள்வாராம். சுரங்கத்திலிருந்து கூண்டில் ஏறி மேலே வரும்போது, வெளிச்சம் தெரியத் தொடங்கியதும், இருவரும் தள்ளி நின்றுகொள்வார்களாம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொள்ளாமல் ஒன்பது வருஷம் அப்படி. அண்ணன் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டபோது அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லையாம், இல்லை என்றும் சொல்லவில்லையாம். ஊருக்குக் கூட்டிப்போய், தீட்டுக் கழிக்க மொட்டையடித்து, என்னென்னவோ செய்து, சத்தியம் வாங்கிக்கொண்டுதான் திரும்பவும் வீட்டுக்குள் சேர்த்திருக்கிறார்கள்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் நான் பானையைத் தொட்டதற்கு வருந்தவில்லை. பானை அங்கே இருந்தது, எனக்குத் தாகமாக இருந்தது. ஆனால் ஒரு சாயங்காலம் மட்டும் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது.

அப்பா புதிய சுரங்கத்துக்குப் போகத் தொடங்கிச் சில நாட்கள் ஆகியிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்த நான், ஆலைக் கழிவைக் கொட்டிய மணல் மேட்டருகே அவரோடு சேர்ந்துகொண்டேன். வாத்தியார் மூன்றின் அடுக்குகளைக் கொடுத்திருந்தார். அதைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். மூன்று, ஒன்பது, இருபத்தேழு. எதிரே ஒருவர் வந்தார். மொட்டைத் தலையில் அப்போதுதான் மயிர் முளைக்கத் தொடங்கியிருந்ததால் மேஸ்திரியின் தம்பி என்று எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. எங்களைப் பார்த்ததும் அவர் நடை தயங்கியது. பிறகு பாதையை விட்டு இறங்கி, மணல் மேட்டைச் சுற்றிக்கொண்டு போனார்.

“பாத்தியா நைனா, நம்மளப் பாத்து பயந்து ஓட்றாரு” என்று உரக்கச் சொன்னேன். அவருக்கும் கேட்டிருக்கும்.

அப்பா நின்றுவிட்டார். அந்த மனிதர் மேட்டுக்கு அப்பால் மறைந்த பிறகும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வீட்டுக்குப் போகவேண்டும், எண்பத்தொன்றுக்கு மேல் சிலேட்டில்தான் போடமுடியும். கையைப் பிடித்து இழுத்தேன். அவர் அசையவில்லை. வெறுங்காலோடு நடக்கிறவர். காலில் முள் ஏறியிருக்கும் என்று நினைத்து, அங்கேயே உட்கார்ந்து, அவர் பாதத்தைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டு தேடினேன். முள் எதுவும் இல்லை.